பத்துப் புள்ளிகளின் பிடிவாதம்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. குறையைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம்: ஐந்தாண்டுகள் உழைத்து ஓர் ஆராய்ச்சியை முடித்த பெண்ணை மோசடிக்காரி என்று எழுதியவர்கள், எழுதுவதற்கு முன் அவளை அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடிதம் இரண்டே வாக்கியம். "தாங்கள் ஒப்படைத்த மாதிரிச் சில்லு, தங்கள் ஆய்வுச் சுருக்கத்தில் கூறப்பட்ட இயல்பு எதனையும் காட்டவில்லை. தக்க விளக்கம் பெறப்படாவிடில் தங்கள் ஆய்வுப் பதிவு ஜூலை 14 மாலை ஐந்து மணியுடன் நீக்கப்படும்." விளக்கம் தருவதற்கு நேரம் கேட்டு ஹம்னா நான்கு முறை இயக்குநரின் கதவைத் தட்டியிருந்தாள். நான்கு முறையும் அவர் கூட்டத்தில் இருந்தார்.

இன்று ஐந்தாம் முறை. மேலகரத்தைத் தாண்டியதும் வரும் மேற்கு மலைப் பொருளறிவியல் ஆய்வு மையத்தின் காத்திருப்பு அறையில் மூவர் அமர்ந்திருந்தார்கள். கடையநல்லூர் ஹம்னா, வயது இருபத்தொன்பது. அவள் அமர்த்தியிருந்த துப்பறிவாளர் உமாதேவி. மின்திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு பெற்றுத் தென்காசியில் தனியாக அலுவலகம் நடத்துபவர். மூன்றாமவன் அவருடைய உதவியாளன் ஜெபஸ்டின். முன்பு ஊரூராக மைக் செட் கட்டியவன்; வாயில் இன்னும் அந்த ஒலிபெருக்கி இருந்தது.

"அஞ்சு நிமிசம்னு சொல்லி ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு," என்றான். "எங்கக்கா பிரசவத்துக்குக்கூட இம்புட்டு நேரம் ஆகல. கடைசியில பிள்ளையாவது கெடச்சுது."

"சத்தத்தக் கொறலே," என்றார் உமாதேவி. அவருக்கும் எரிச்சல்தான். சன்னலுக்கு வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது; கையிலிருந்த கடிதம்கூட நனைந்த துணிபோலத் துவண்டிருந்தது. "ஹம்னா, இன்னொரு தடவ சொல்லும்மா. மின்வாரியத்துக்காரிக்குப் புரியுத மாதிரி."

ஹம்னா மூன்றாம் முறையாகச் சொன்னாள். அவள் செய்தது ஃபெரோ மின்படலம். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறிய சில்லின்மேல் அந்தப் படலம். படலத்தின்மேல் வரிசையாகப் பத்து உலோகப் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளிக்குக் கீழயும் கோடிக்கணக்கான குட்டி ஊசி இருக்குன்னு வச்சுக்கோங்க மேடம். ஒண்ணு மேல பாக்கும், இல்லன்னா கீழ பாக்கும். மின்துடிப்பு குடுத்தா திரும்பும். கரண்ட நிறுத்தினாலும் திரும்பின பக்கமே நிக்கும். திரும்பும்போது கொஞ்சூண்டு கரண்ட் வெளிய வரும். அதத்தான் நாங்க பதில்னு சொல்லுவோம்."

"திரும்பலன்னா பதில் இல்ல."

"ஆமா. ஏற்கெனவே மேல பாத்துக்கிட்டு இருக்குறத மேல பாருன்னு சொன்னாலும் பதில் வராது."

"அது எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றான் ஜெபஸ்டின். "ஏற்கெனவே மூஞ்சத் தூக்கி வச்சிருக்கவள மறுபடி கோவப்படுத்த முடியாது."

ஹம்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் படலம் பத்து நானோ விநாடியில திரும்பும். ஒரு விநாடியப் பத்துக் கோடித் துண்டாப் போட்டா, அதுல ஒரு துண்டு. ஜூலை ரெண்டாந்தேதி வரைக்கும் அப்படித் திரும்பிச்சு. மூணாந்தேதி சில்லு, நோட்டு ரெண்டையும் கேட்டாங்க, குடுத்துட்டேன். எட்டாந்தேதி கமிட்டி டெஸ்ட் பண்ணுதாங்க. எல்லாப் புள்ளியும் ஊமையா நிக்குது. நான் பொய்யாக் கணக்கு எழுதிருக்கேன், இல்லன்னா சில்ல மாத்திட்டேங்குறாங்க. நாளைக்குள்ள ஆய்வேடு குடுக்கலன்னா இந்த அஞ்சு வருசமும் போச்சு மேடம். வாப்பா சவூதியில இருந்து தெனமும் போன் பண்ணிக் கேக்காங்க. நான் எடுக்கதில்ல."

கதவு திறந்தது.

இயக்குநர் முனைவர் கணேசமூர்த்தி, எதிரில் இருப்பவரைவிடக் கைக்கடிகாரத்தையே மிகுதியாகப் பார்க்கும் மனிதர். ஹம்னாவை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, மற்ற இருவரை மட்டும் உள்ளே விட்டார்.

"மேடம், இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல. பத்துப் புள்ளியையும் முதல்ல நீளத் துடிப்பு குடுத்துக் கீழ திருப்பினோம். அப்புறம் பத்து நானோ விநாடித் துடிப்புல மேல திரும்பச் சொன்னோம். ரெஸ்பான்ஸ் ஜீரோ. மூணு தடவ பண்ணியாச்சு."

"மூணு தடவையும் இதே கேள்விதானா?"

"அதத்தான் சயின்ஸ்ல ஒழுங்குன்னு சொல்றது."

"எங்க வேலையில மீட்டர் ஓடலன்னா வீட்டுல கரண்ட் இல்லன்னு எழுத மாட்டோம் சார். கொக்கி எங்கன போட்டிருக்கான்னு பாப்போம்," என்றார் உமாதேவி. "சில்லு இருந்த டப்பாவப் பாக்கலாமா?"

அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் அனுமதிச் சீட்டு, அந்தச் சீட்டில் கையெழுத்திட ஒரு பேனா, அந்தப் பேனா எழுதாததால் இன்னொரு பேனா. எல்லாம் முடிந்து தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மேசைக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

உமாதேவி டப்பாவைத் திறக்கவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின், பசை காய்ந்து விறைத்துப்போன ஓரத்தை நகத்தால் சுண்டினார். 'டிக்' என்று ஓசை கேட்டது.

"ஜெபா, இந்தச் சத்தம் எங்கன கேட்டிருக்கே?"

"பொரிச்ச அப்பளத்துல," என்றவன், மேசைமேல் துவண்டு கிடந்த கோப்புகளைப் பார்த்தான். பூசணம் பிடித்த நாட்காட்டியையும் பார்த்தான். "இந்தச் சாரல்ல ஒரு காயிதம் மொறுமொறுன்னு இருக்கா? எங்க வீட்டுல தீக்குச்சியே கொழுக்கட்ட மாதிரி இருக்கு."

"உலர்பெட்டிக்குள்ள வச்சிருந்தோம்," என்றார் கணேசமூர்த்தி, சற்று வேகமாக.

உமாதேவி டப்பாவை முகர்ந்தார். பாச்சை உருண்டை வாசனை. அடிப்புறத்தைத் திருப்பினார். பளபளப்பான வெள்ளைக் காகித இழை ஒன்று, நூலிழைபோல் மெலிந்து, நேர்கோடாக வெட்டுப்பட்டு ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட் அளவுப் படத்தை வெட்டும்போது உதிரும் விளிம்பு அது. ஆய்வு மையத்தின் உலர்பெட்டியில் பாச்சை உருண்டையும் இருக்காது. யாரும் அதற்குள் உட்கார்ந்து படம் வெட்டவும் மாட்டார்கள்.

"பண்டகசாலைச் சாவி யாருகிட்ட இருக்கும் சார்?"

"ஆவுடைநாயகம். இன்னைக்கு லீவு. மேடம், அஞ்சு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும். அதுக்கு மேல பொறுக்க முடியாது."

வாசற்காவலர் ஜெபஸ்டினுக்கு ஒரு தேநீர் நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆவுடைநாயகத்தின் மைத்துனர் குற்றாலத்தில் படக்கடை வைத்திருக்கிறார். பருவம் தொடங்கினால் ஆவுடைநாயகம் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே ஒத்தாசைக்குப் போய்விடுவார்.

"ஸ்டூடியோ," என்றான் ஜெபஸ்டின், வேனைக் கிளப்பியபடி. "ஆள் கெடச்சிட்டான்க்கா. சில்லத் தூக்கினவன் கெடச்சிட்டான். மூணு கிலோமீட்டர், பத்து நிமிசம்."

பத்து நிமிடம் என்பது பருவமில்லாத நாட்களின் கணக்கு. ஐந்து மாவட்டத்து வண்டிகளும் அன்று குற்றாலத்தில்தான் இருந்தன. முதல் திருப்பத்தில் காவலர் இடப்பக்கம் போகச் சொன்னார். இடப்பக்கம் போனால் அங்கிருந்தவர் திரும்பிப் போகச் சொன்னார். எண்ணெய் தேய்த்த உடம்புடன் ஒரு கூட்டம் வேனை உரசிக்கொண்டு கடந்தபோது, கண்ணாடியில் ஓர் ஆள் அளவு எண்ணெய்க் கறை படிந்தது. பன்னிரண்டரைக்கு வேனைக் கைவிட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள்.

நேந்திரம் சிப்ஸ் கடை ஒன்றின் முன் ஜெபஸ்டின் நின்றான். "யக்கா, இந்த ஊர்ல சூடா, காஞ்சு இருக்க எடம் இது ஒண்ணுதான். உள்ள ஒரு எட்டு சோதிச்சிட்டு வந்திரவா?"

"சோதனையெல்லாம் வயித்துக்குத்தான். நட."

பேரருவிக்குப் போகும் வழியில், துண்டு விற்கும் கடைகளுக்கு இடையில் இருந்தது அந்தப் படக்கடை. உள்ளே அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர், கத்தரிக்கோலால் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். உமாதேவி தம் பெயரைச் சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது.

"சில்லுக்காகத்தான வந்திருக்கீய?" என்றார் ஆவுடைநாயகம். "வருவாங்கன்னு ஏழு நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். ஒருத்தரும் வரல."

துரத்திப் பிடிப்பதற்காக முண்டாசு கட்டத் தயாராகியிருந்த ஜெபஸ்டினின் முகம் விழுந்துபோயிற்று.

ஆவுடைநாயகம் சொன்னது இது. மையத்தின் உலர்பெட்டி மார்ச் மாதமே பழுதாகிவிட்டது. ஈரம் உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே வியர்த்துக் கொட்டியது. அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார்: மார்ச் 11, ஏப்ரல் 22, ஜூன் 9. மூன்றிலும் இயக்குநர் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பார்த்ததோடு சரி. ஜூலை மூன்றாம் தேதி ஹம்னா சில்லை ஒப்படைத்தாள். அன்று மாலை அவர் பெட்டியைத் திறந்தபோது, கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்தப் பிள்ள அஞ்சு வருசமா அதுமேலயே கெடந்தத நான் பாத்திருக்கேன் மேடம். தண்ணி பட்டுச்சுன்னா போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே காஞ்ச எடம் எங்க மச்சான் அலமாரி. கொண்டாந்து அங்கன வச்சேன். எட்டாந்தேதி காலையில, கமிட்டிக்கு முன்ன திருப்பி வச்சிட்டேன்."

அவருடைய மைத்துனர் பால்வண்ணநாதன் அலமாரியைத் திறந்து காட்டினார். இந்தச் சாரலில் காமிராக் கண்ணாடிகளில் பூசணம் பிடிக்காமல் இருக்கக் குற்றாலத்துப் படக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது: மரத்தால் ஆன மூடிய அலமாரி, அடித்தட்டில் இரவும் பகலும் எரியும் அறுபது வாட் குண்டு பல்பு, மூலைக்கு மூலை பாச்சை உருண்டை. சில்லு இருந்தது பல்புக்கு நேர் மேல்தட்டில். ஜெபஸ்டின் அந்தத் தட்டைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?" உமாதேவியின் குரல் உயரவில்லை, ஆனால் இறுகியிருந்தது.

"சில்ல வெளிய கொண்டு போனா வேலை போயிரும் மேடம். ரிட்டயர்மென்டுக்கு மூணு மாசம் இருக்கு. ஊமையாப் போச்சுன்னு கேட்டதுக்கப்புறம் சோறு எறங்கல. ஆனா வாய் தெறக்கல. தப்புதான்."

உமாதேவி வெளியே வந்து, கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றார். மணி ஒன்றரை. தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டார்; அதனாலேயே வழக்கு முன்பைவிட மோசமாகிவிட்டது. இதுவரை ஹம்னாவின் சில்லு மையத்தைவிட்டு நகரவில்லை என்றாவது சொல்ல முடிந்தது. இனி அதுவும் முடியாது. ஐந்து நாட்கள் ஒரு படக்கடை அலமாரியில் கிடந்த சில்லு அவளுடையதுதான் என்று எவர் சாட்சி சொல்வது? காலையிலிருந்து அலைந்து, அவள் காலடியில் இருந்த கடைசிப் பலகையையும் தாமே உருவிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தனி அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு நேர்த்தியாகத் தம் கட்சிக்காரரை அவர் கவிழ்த்ததில்லை.

"யக்கா," என்று உள்ளேயிருந்து ஜெபஸ்டின் கூப்பிட்டான். "இத வந்து பாருங்க. இது உங்கள விடப் பிடிவாதக்காரியா இருக்கு."

காமிராவின் தோல்வார் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து அவன் கழுத்தில் மாட்ட முயன்றுகொண்டிருந்தான். வார் மடிந்தபடியே இருந்தது. நீட்டிப் பிடித்தான்; நீண்டது. கையை விட்டான், பழைய மடிப்புக்கே சுருண்டு போய் அவன் மோவாயைத் தட்டியது.

"அதப் போட்டுச் சித்திரவத செய்யாதீரும் வே," என்றார் பால்வண்ணநாதன். "மடிச்சபடியே சூட்டுல ரொம்ப நாள் கெடந்திருச்சு. எப்படி வச்சமோ அப்படியே படிஞ்சு போவும். இனி நீட்டினா நீட்டுன நேரத்துக்குத்தான் நிக்கும்."

உமாதேவி வாரை வாங்கினார். நீட்டினார், விட்டார். மறுபடி நீட்டினார், விட்டார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அருவிக்கரையில் தொடர்பு கிடைக்கவில்லை. ஒரு படிக்கட்டின் உச்சியில் ஒரே ஒரு கோடு கிடைத்தது. மூன்றாம் முயற்சியில் ஹம்னா எடுத்தாள்.

"ஒரே கேள்விம்மா. உன் படலத்த ஒரு பக்கமாத் திருப்பி வச்சு, அப்படியே அஞ்சு நாள் சூட்டுல வச்சிருந்தா என்ன ஆவும்?"

மறுமுனையில் நாற்காலி ஒன்றைத் தள்ளும் ஓசை கேட்டது.

"எவ்வளவு சூடு மேடம்?" ஹம்னாவின் குரல் மாறியிருந்தது.

"ஜெபஸ்டின் விரல் பொசுங்குத சூடு."

"அந்தப் பக்கமே படிஞ்சு போவும். எதிர்ப்பக்கம் தள்ளினா லேசுல போகாது. போனாலும் நிக்காது, திரும்ப வந்துரும். ஆனா அது ஏசி ரூம்ல, உலர்பெட்டியில இருந்துச்சுன்னுதான சொன்னாங்க? எனக்கு யாரும் சூடுன்னு சொல்லவே இல்லையே."

"ரெண்டாந்தேதி நீ விட்டுட்டுப் போகும்போது பத்துப் புள்ளியும் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு?"

"கலந்து இருந்துச்சு. நானா இஷ்டத்துக்கு வச்சா ஒருபக்கச் சாய்வு வந்துரும்னு பஸ் டிக்கெட்டப் பாத்துத்தான் வைப்பேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போன மினிபஸ் டிக்கெட், அன்னைக்குக் காலையில வந்த டிக்கெட். ரெண்டுலயும் அஞ்சஞ்சு நம்பர். ஒத்தப்படைன்னா மேல, ரெட்டப்படைன்னா கீழ. டிக்கெட்ட நோட்டுல ஒட்டிருவேன்."

"அந்த நோட்டு?"

"மூணாந்தேதியில இருந்து டைரக்டர் சார் அலமாரியில, சீல் வச்ச கவர்ல."

உமாதேவி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. பத்துப் புள்ளிகளின் மௌனம் ஒரே மௌனம் அன்று. கமிட்டி எல்லாவற்றையும் கீழே திருப்பிவிட்டு, மேலே திரும்பச் சொன்னது. மேல்நோக்கிப் படிந்திருந்த புள்ளிகள், கேட்பதற்கு முன்பே தாமாக மேலே போய்விட்டன. அவற்றுக்குச் சொல்லப் பதில் இல்லை. கீழ்நோக்கிப் படிந்திருந்தவற்றுக்குப் பத்து நானோ விநாடி போதவில்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. இருவகை ஊமைகளையும் ஒரே பட்டியலில் எழுதி, அதன் கீழ் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

உள்ளே வந்தபோது ஆவுடைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். கையில் மழைக்காகிதப் பை, நனையவிடாத பிளாஸ்டிக். அதனுள் மூன்று கடிதங்களின் நகல்.

"நீங்க வரணும்னு இல்ல," என்றார் உமாதேவி. "வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"வரலன்னா என்ன ஆகும்னு ஏழு நாளாப் பாத்தாச்சு மேடம்."

திரும்பும் வழியும் அதே வழிதான், நெரிசலும் அதேதான். மையத்தை அடைந்தபோது மணி மூன்றே முக்கால்.

கணேசமூர்த்தி மறுத்தார். சோதனை முடிந்துவிட்டது என்றார். விதியில் இடமில்லை என்றார். கருவி ஓய்வில் இருக்கிறது என்றார். ஆவுடைநாயகம் நடந்ததை ஒப்புக்கொண்டதும், "அப்ப சில்லு வெளிய போயிருக்கு. இனி இந்தக் கேஸே இல்ல," என்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார்," என்றார் உமாதேவி. "சோதனைய நீங்களே பண்ணுங்க. ஹம்னா கருவியத் தொடமாட்டா. கவரு உங்க கையிலயே இருக்கட்டும்; சோதன முடியுறவரைக்கும் பிரிக்காதீங்க. ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் படிஞ்சிருக்குன்னு மொதல்ல புள்ளியே சொல்லட்டும். அப்புறம் நோட்டு சொல்லட்டும். ரெண்டும் ஒத்துப் போகலன்னா அஞ்சு மணிக்கு இல்ல, நாலரைக்கே கையெழுத்துப் போட்டுக்கோங்க."

அது அவருக்குக் கவர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அமர்ந்தார்.

ஹம்னா இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "முதல் புள்ளி. நீளத் துடிப்பு குடுத்து, வோல்டேஜக் கூட்டி, மேல தள்ளுங்க சார். தள்ளின ஒடனே, அது வழுக்கிப் போறதுக்குள்ள, பத்து நானோ விநாடியில கீழ வரச் சொல்லுங்க."

அவர் விசையைத் தட்டினார். ஒரு வாரமாகத் தட்டையாகக் கிடந்த பச்சைக் கோடு திரையில் ஒரு கூம்பாக எழுந்து அடங்கியது.

பத்து நானோ விநாடி. பதில் வந்துவிட்டது.

"ஊமைக்குப் பேச்சு வந்துட்டு," என்றான் ஜெபஸ்டின், தன் வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில். வெள்ளைப் பலகையில் 'கீழ்' என்று எழுதினான்.

இரண்டாம் புள்ளி கீழே தள்ளத் தள்ள மேலேயே வந்து நின்றது. மேல். மூன்றாவதும் மேல். நான்கும் ஐந்தும் கீழ். ஆறு, மேல். ஏழாம் புள்ளி எந்தப் பக்கம் தள்ளினாலும், எவ்வளவு நேரம் தள்ளினாலும் அசையவில்லை. எட்டு மேல், ஒன்பது கீழ், பத்து மேல்.

கணேசமூர்த்தி உறையைக் கிழித்தார். ஜூலை 2 என்ற பக்கத்தில் இரண்டு மினிபஸ் டிக்கெட்டுகள் ஒட்டியிருந்தன. 43186. 70529.

ஜெபஸ்டின் பலகையில் ஒவ்வோர் இலக்கமாக எழுதினான். நான்கு, இரட்டைப்படை, கீழ். மூன்று, மேல். ஒன்று, மேல். எட்டு, ஆறு, இரண்டும் கீழ். ஏழு, மேல். அடுத்த பூச்சியத்தின் எதிரே மட்டும் பலகை வெறுமையாக இருந்தது. ஐந்து, மேல். இரண்டு, கீழ். ஒன்பது, மேல்.

"ஒம்பதுக்கு ஒம்பது," என்றாள் ஹம்னா. "குத்துமதிப்பாச் சொன்னா ஐந்நூத்துப் பன்னெண்டுல ஒரு தடவதான் இப்படி வரும். வேற சில்லுக்கு என் டிக்கெட் நம்பர் எப்படி சார் தெரியும்?"

"பத்துக்கு ஒன்பது," என்று திருத்தினார் இயக்குநர். "ஏழாவது ஒத்துப்போகல."

"பக்கத்துக் கட்டத்தப் படிங்க சார்."

அவர் படிக்கவில்லை. உமாதேவி குனிந்து உரக்கப் படித்தார்: "'ஏழாம் புள்ளி. ஓயாத துடிப்பால் களைத்துச் செத்தது. 28-6.'"

செத்த புள்ளியும் தன் இடத்திலேயே செத்திருந்தது. ஹம்னா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. இம்முறை எடுத்து, "வாப்பா, அஞ்சு நிமிசத்துல நானே கூப்பிடுதேன்," என்று மட்டும் சொன்னாள்.

இயல்பான ஒரு மனிதர் இவ்விடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார். கணேசமூர்த்தி கணினியின் பக்கம் திரும்பினார். பத்து நிமிடத்தில் ஒரு தாளை அச்சிட்டுக் கொண்டுவந்து ஹம்னாவின் முன் வைத்தார்.

"உங்க மேல தப்பில்லன்னு எழுதிட்டேன். பதிவு ரத்தாகாது. நாளைக்கு ஆய்வேட்டக் குடுக்கலாம். கீழ ஆட்சேபம் இல்லன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

ஹம்னா படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. 'மாதிரி சேதமுற்றதற்குப் பொறுப்பானவர்: பண்டகசாலைக் காப்பாளர் ஆவுடைநாயகம். பணிநீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.'

ஆவுடைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டே, "போடும்மா. நாந்தான கொண்டு போனேன்," என்றார்.

உமாதேவி மழைக்காகிதப் பையிலிருந்து மூன்று நகல்களை எடுத்து, மூன்று 'பார்த்தேன்'களும் மேலே தெரியும்படி மேசைமேல் வரிசையாக வைத்தார்.

ஹம்னா பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் இருந்த பெயரின்மேல் ஒரு நேர்கோடு கிழித்தாள். பிறகு, கையெழுத்திடாமலேயே பேனாவை மூடினாள்.

"அவரு மூணு தடவ கேட்டிருக்காரு சார்."

"பொறுப்பாளர் பேரு இல்லாத கடிதம் இந்த ஆபீஸ விட்டு வெளிய போகாது," என்றார் கணேசமூர்த்தி. அவர் கண் அந்த மூன்று நகல்களின் மேல் படவே இல்லை. "யோசிச்சுக்கோங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"அப்ப வேற பேரு எழுதுங்க."

அவர் எழுதவில்லை. மணி ஐந்து அடித்தது, ஐந்தேகாலும் ஆயிற்று. தாள் மேசையின் நடுவில் கிடந்தது. அதில் எல்லாம் இருந்தது: நாள், முத்திரை, ஒரு பெண்ணின் ஐந்தாண்டுகள். ஒரே ஒரு பெயருக்கான இடம் மட்டும் அடிக்கப்பட்டு, வெறுமையாக இருந்தது.

வாசகரே, நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களைவிட உங்களுக்கு ஒரு வசதி கூடுதல்: உங்கள் வேலை போகாது, உங்கள் பட்டம் போகாது. ஆகவே நழுவ வேண்டா. 'பொறுப்பானவர்' என்பதற்கு எதிரே வர வேண்டிய பெயரை, இந்தப் பக்கத்தின் ஓரத்தில், இப்பொழுதே, பென்சிலால் அன்றிப் பேனாவால் எழுதுங்கள். எழுதி, அதன் கீழ் உங்கள் கையெழுத்தையும் இடுங்கள்.